லைட் பார்க்க உட்கார்ந்தவள்

ஒரு புள்ளி மட்டும் தள்ளி விழுந்துருச்சு. மத்ததெல்லாம் சின்னமனூரைச் சுத்தி ஈ மொச்ச மாதிரி கிடக்கு, உத்தமபாளையம், கம்பம், போடி, தேனி, நாங்க மேடை போட்ட மண்டபம் ஒவ்வொண்ணு மேலயும் ஒரு நீலப் பொட்டு, ஆண்டிபட்டி தாண்டி மதுரைப் பக்கம் கொஞ்சம், அதோட முடியணும். முடியல. மேல, ரொம்ப மேல, ஒத்தையா ஒண்ணு. அந்த ஊர் பேரை நான் சொல்ல மாட்டேன், மனசுக்குள்ளகூடச் சொல்ல மாட்டேன், மனசுல சொன்னா வாயில வந்துரும், எனக்கு அந்த வியாதி உண்டு. மவுசை அது மேல கொண்டுபோனா ஊர் பேரு மட்டுமில்ல, தெருப் பேரு வரைக்கும் காட்டுது. பதறி எடுத்துட்டேன். அந்தப் புள்ளிக்குள்ள எங்க அக்கா இருக்கா. யோகலட்சுமி. வீட்டைவிட்டுப் போயி மைக்செட் மதியழகனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ. எங்க இருக்கான்னு இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இந்த நிமிஷம் வரைக்கும். முன் ரூம்ல சித்தப்பா போன்ல யாரையோ திட்டிக்கிட்டு இருக்காரு. திட்டு நின்னா எந்திரிச்சு வந்துருவாரு. "டேய் நவநீ, மேப்பு வந்துருச்சாடா?" "இன்னும் ஓடுது சித்தப்பா." பொய் இல்ல, பச்சைக் கோடு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா பாதியைத் தாண்டிருச்சு, இந்த ஓட்ட கம்ப்யூட்டர் மத்த நாள்ல எல்லாம் மாடு மாதிரி படுத்துக்கும், இன்னிக்குப் பார்த்து ஓடுது.

சாஃப்ட்வேர் பார்த்துச் சொல்லுன்னது அப்பா. அப்பா கேட்டதுல தப்பே இல்ல. பூங்கோதை மேடை அலங்காரம்னு அம்மா பேருல நடக்குற தொழில், கல்யாணமோ வளைகாப்போ சடங்கோ, எதுக்கு மேடை போட்டாலும் படம் எடுத்து வைக்கணும், அடுத்து வர்ற பார்ட்டி அதைப் பார்த்துத்தான் இது மாதிரி வேணும்னு கை காட்டும். அப்பா போன், சித்தப்பா போன், என் போன், எது கடை வைஃபைக்குள்ள வந்தாலும் படமெல்லாம் தானா இந்தக் கம்ப்யூட்டர்ல கொட்டிரும், போன்ல இருந்து போயிரும், அப்பிடி செட் பண்ணி வச்சதே அக்காதான். கொட்டுறது மட்டுந்தான் தானா நடக்கும். அடுக்குறது அவ. "மயில் வச்சமே, பின்னாடி ஊதாத் துணி, கம்பத்துல..." அப்பா சொல்லி வாய் மூடுறதுக்குள்ள எடுத்துக் குடுப்பா. அவ போனதுக்கப்புறம் ஒரு பார்ட்டி வந்து உட்கார்ந்துச்சு, நான் மயிலைத் தேடு தேடுன்னு தேடி, கடைசில யாரோ காதுகுத்துல ஆட்டுக்கறி வெட்டுற படத்தைக் காட்டினேன், எந்திரிச்சுப் போயிட்டாங்க. அப்பா திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்துருக்கும். "ஆளு வேணாம்டா, ஆளு போயிரும். மிஷினே அடுக்குற மாதிரி ஒண்ணு பாரு"ன்னு சொல்லிட்டுத் தெர்மாகோல் வெட்டப் போயிட்டாரு. பின்னாடியே சித்தப்பா வந்தாரு. "பாக்குறதுதான் பாக்குற, மூஞ்சி பாத்துப் பிரிக்குற மாதிரி பாரு. மேப்புல காட்டுற மாதிரி பாரு." "மேப்பு எதுக்கு சித்தப்பா?" "எந்த மண்டபத்துல எது போட்டோம்னு தெரிய வேணாமாடா கூமுட்ட? பிளஸ் டூவைக்கூட முடிக்காம வந்தவனுக்கு விளக்கம் வேற சொல்லணுமாக்கும்." சிரிச்சாரு. அது தொழிலுக்குச் சிரிச்ச சிரிப்பா, வேறயான்னு இந்த வாரம் பூரா யோசிக்கிறேன், பிடிபடல. சித்தப்பா நல்லவரு. எனக்கு பைக் ஓட்டக் கத்துக் குடுத்தவரு. அக்கா வயசுக்கு வந்தப்ப அவளுக்கு மேடை போட்டவரு, ராத்திரி பூரா தூங்காம தாமரைப்பூவை ஒண்ணொண்ணா விரிச்சவரு. அதனாலதான் பயமா இருக்கு. பிடிக்காதவன் தேடினா கொஞ்ச நாள்ல விட்டுருவான்.

மூணு சாஃப்ட்வேரை இறக்கிப் பார்த்தேன், எல்லாமே கொஞ்ச நாளைக்கு இலவசம். மஞ்சள் கலர்ல ஒண்ணு, அது சுத்த மண்டு, எந்தத் தேதியில எடுத்ததோ அந்தத் தேதிக்குக் கீழ போடும், அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச வேலை. ரெண்டாவது மூஞ்சி பாக்கும், ஆனா தெர்மாகோல் பிள்ளையாரையும் பூசணிக்காயையும் காட்டி "இவர் யார்?"னு கேக்கும். மூணாவதுதான் இப்ப ஓடுற நீலம். இது கெட்டிக்காரச் சனியன். மூஞ்சியையும் பிரிக்குது, மேப்பும் போடுது. தமிழ்லயே பேசுது, பாடப் புத்தகத் தமிழ். ரெண்டு மூஞ்சியைப் பக்கத்துல பக்கத்துல வச்சு "இவரும் அவரும் ஒரே நபரா?"ன்னு கேக்குது. ரெண்டுமே அக்கா, பாவாடை சட்டையோட ஒண்ணு, தாவணியோட ஒண்ணு. இந்த வீட்டுல இப்ப யாரும் அவ பேரைச் சொல்றதில்ல, சித்தப்பா 'அந்த நாயி'ம்பாரு, அம்மா ஒண்ணும் சொல்றதில்ல, இந்தச் சாஃப்ட்வேர் ஒண்ணுதான் இவர் இவர்னு மரியாதை குடுக்குது. ஆம்னு தட்டினேன், தட்டத் தட்டக் கொண்டுவந்து குவிச்சுது. ஸ்கிரீன் பூரா அவதான். எல்லாத்துலயும் மணப்பெண் சீட்ல உட்கார்ந்திருக்கா. அது எங்க தொழில்ல ஒரு வழக்கம், மேடை கட்டி முடிச்சதும் பொண்ணு மாப்பிள்ளை வர்றதுக்கு முந்தி அந்தச் சீட்ல யாரையாவது உட்கார வச்சு லைட்டைச் சரி பண்ணணும், பூவுக்கு வச்ச லைட்டு மூஞ்சிக்கு ஒத்து வராது, பொண்ணு கன்னத்துல கருப்பு அடிச்சிரும், அப்புறம் போட்டோக்காரன் எங்களைத்தான் வைவான். "யோகு, போயி உக்காரும்மா"ம்பாரு அப்பா. சின்னப் பிள்ளையில இருந்து அவதான். கன்னிப் பொண்ணை ஊரான் கல்யாண சீட்ல உட்கார வைக்காதீங்கன்னு அம்மா சண்டை போடும், அப்பா கேக்க மாட்டாரு, "அவ மூஞ்சிக்கு ஒத்து வந்துச்சுன்னா எந்த மூஞ்சிக்கும் ஒத்து வரும்"பாரு. அக்கா உட்கார்ந்து கழுத்தைச் சாய்ச்சு, இல்லாத மாலையைச் சரி பண்ணி, என்னை மாப்பிள்ளை சீட்ல உட்காரச் சொல்லி, "ஏங்க, பந்தியில உங்களுக்கு எலை போட்டாச்சாங்க?"ன்னு கேட்டு மானத்தை வாங்குவா. அப்பாவோட நல்ல மேடை எல்லாத்துலயும் அவ இருக்கா. மயில் மேடையில இருக்கா. வெட்டிவேர் மேடையில இருக்கா. அவ மூஞ்சி இருக்குற படத்தையெல்லாம் அழின்னு சித்தப்பா சொல்றப்ப இது அவருக்குத் தெரியுமா? அக்காவை அழிச்சா அப்பா இத்தனை வருஷம் கட்டினது பூரா அழிஞ்சிரும், மிச்சம் ஆட்டுக்கறி வெட்டுற படந்தான்.

இன்னொண்ணு இருக்கு, அது நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது. படத்தையெல்லாம் வரிசையா வச்சதும் கண்ணுல குத்துச்சு. முதல்ல எல்லாம் அவ கேமராவைப் பாக்குறா. ஒரு கட்டத்துக்கு மேல பாக்கல. இடது பக்கம் பாக்குறா, மேடைக்குக் கீழ. எங்க லைட்டு டெஸ்ட் நடக்குற அதே நேரத்துலதான் மைக் டெஸ்ட்டும் நடக்கும். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ, மேடையில் அமர்ந்திருக்கும் மணமகள் சற்று நிமிர்ந்து உட்காரவும்"னு மதியழகன் விடுவான், சமையக்கட்டு வரைக்கும் கேக்கும், எல்லாரும் சிரிப்போம், சித்தப்பாதான் பெருசாச் சிரிப்பாரு. கல்யாணத்துக்குக் கல்யாணம் எங்க கண்ணு முன்னாடி, மைக் போட்டுச் சொல்லி நடந்திருக்கு, ஒருத்தனுக்கும் தெரியல. நீலத்துக்குத் தெரிஞ்சிருக்கு. ஓரத்துல பாதி மூஞ்சி, மைக் ஸ்டாண்டு, அதையும் தனியா எடுத்து வச்சு "இவர் யார்?"னு கேக்குது. நான் பூசணிக்காய்னு பேரு குடுத்தேன். அவ போன அன்னிக்குச் சித்தப்பா மேடை கட்டுற இரும்புப் பைப்பு ரெண்டை எடுத்து வண்டியில போட்டாரு, நாந்தான் தூக்கி விட்டேன், கூடலூர்ல வேலை இருக்குன்னு நெனச்சுத் தூக்கி விட்டேன். வண்டி திரும்பி வர்ற வரைக்கும் அம்மா சோறு வடிக்கல. வந்து பைப்பை இறக்குறப்ப நான் அதையே பார்த்தேன், துருதான் இருந்துச்சு, துருவைக்கூடத் தொட்டு மோந்து பார்த்தேன். அப்பா கொல்லைக்குப் போயி தொட்டித் தண்ணியை எடுத்து எடுத்துத் தலையில ஊத்திக்கிட்டாரு. சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா ஊத்துற மாதிரி. "தலை முழுகியாச்சு. இனி இந்த வீட்டுல அந்தப் பேச்சு கிடையாது"ன்னு சொல்லிட்டுத் துவட்டாம வந்து கடையில உட்கார்ந்தாரு, சொட்டின தண்ணி ஊதாத் துணியில பட்டு வட்டமாக் கறை, இப்பவும் அந்தத் துணியைக் கட்டுறப்ப கறையை உள்பக்கமா மடிச்சு ஊசி குத்துறோம். சித்தப்பா அன்னைக்கே கேட்டாரு, "அவ செத்துட்டான்னா அவ மூஞ்சி எதுக்குண்ணே இங்க?" அப்பா பதில் சொல்லல. சொல்லாததை சித்தப்பா சரின்னு எடுத்துக்கிட்டாரு. பச்சைக் கோடு முக்காலுக்கு வந்துருச்சு. முன் ரூம்ல பேச்சு குறைஞ்சிருச்சு, 'ம்', 'ம்'னு மட்டும் கேக்குது.

அவ மேலயும் தப்பு இருக்கு. நான் சொல்லத்தான் செய்வேன். புது நம்பர்ல இருந்து வாட்ஸ்அப்புல ஒரு படம் அனுப்பினா, வாடகை வீடு, பச்சைச் சுவரு, புதுசா வாங்கின பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து, பால் காய்ச்சின பாத்திரத்தை நெஞ்சு உசரத்துக்குத் தூக்கிக் காட்டிக்கிட்டு இருக்கா. ஊர் பேரு சொல்லல. அவ்வளவு ஜாக்கிரதை. ஆனா படத்தை டாக்குமெண்டா அனுப்பிட்டா. எங்க கடையில எல்லாரும் அப்பிடித்தான் அனுப்புவோம், அவ போட்ட சட்டம், "போட்டோவா அனுப்பாதடா, பூவெல்லாம் சேறு மாதிரி தெரியும், டாக்குமெண்டா அனுப்பு"ன்னு மண்டையில கொட்டிக் கொட்டிச் சொல்லிக் குடுத்தவ. போட்டோவா அனுப்பினா தெளிவு போயிரும், கூடவே எடுத்த இடமும் போயிரும். டாக்குமெண்டா அனுப்பினா ரெண்டும் அப்பிடியே வரும். ஒளிஞ்சிருக்குறப்பவும் கஸ்டமருக்கு அனுப்புற மாதிரி அனுப்பிருக்கா கூறு கெட்டவ. பாத்திரம் பளபளன்னு தெரியுது, அதுல படம் எடுக்குறவன் தலைகூடத் தெரியுது. கீழ ஒரே வரி: 'பார்த்துட்டு உடனே அழிச்சிரு டா.' சரின்னு போட்டேன். பார்த்தேன். அழிக்கப் போனேன், இன்னொருக்கா பெருசாக்கிப் பார்த்துட்டு அழிக்கலாம்னு போன்ல சேமிச்சுட்டு, வந்த மெசேஜை மட்டும் அழிச்சேன். போனைப் பையில போட்டுக்கிட்டுக் கடைக்கு வந்தேன், அவ செட் பண்ணின வைஃபை அவ படத்தையே உறிஞ்சி இங்க கொட்டிருச்சு. இப்ப இந்த உலகத்துல என் கையில இருக்குறது இது ஒண்ணுதான்.

அம்மா டீ கொண்டுவந்து வச்சுச்சு. நான் மேப்பை மூடினேன், மூடினதும் பின்னாடி மூஞ்சிக் குவியல் திறந்துக்கிச்சு, அதையும் மூடப் போனேன், அம்மா என் கையைத் தட்டி விட்டுச்சு. முந்தானையை எடுத்து ஸ்கிரீனைத் துடைச்சுது, "ஒரே தூசி. இதைத் துடைக்கக்கூட மாட்டியா?" மேல இருந்து கீழ வரைக்கும் துடைச்சுது, கடைசி வரிசையில கை நின்னுச்சு. பச்சைச் சுவரு. மத்ததெல்லாம் சீரியல் லைட்டும் பூவுமா இருக்குற இடத்துல அது ஒண்ணுதான் வெறும் சுவரு, கண்ணுல படாம எப்பிடி இருக்கும். "எளச்சுட்டாளோ?"ன்னு மெதுவாக் கேட்டுச்சு. நான் தெரியலன்னு சொன்னேன். "பால் பாத்திரத்துக்கு இம்புட்டுச் சின்னதா வாங்கியிருக்கா, பொங்கினா அடுப்பெல்லாம் வழியுமே." அவ்வளவுதான். முன் ரூம்ல நாற்காலி கிறீச்சுனு சத்தம் போட்டுச்சு, அம்மா தம்ளரை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகத்தி வச்சுட்டுப் போயிருச்சு. அழிச்சிரலாம். ஒரு தட்டு. அவ சொன்னதும் அதான், சித்தப்பா சொன்னதும் அதான், யார் சொன்னதைச் செய்யுறேன்னு எனக்கே தெரியாமச் செஞ்சிரலாம். இல்லன்னா நீலம் வேலைக்கு ஆகாதுன்னு தூக்கிட்டு மஞ்ச மண்டுவையே வாங்கலாம்னு சொல்லலாம், சித்தப்பா செல்போன் கடை நண்பனைக் கூட்டிட்டு வந்து இதையே திரும்பப் போடச் சொல்வாரு. விரல் அழிக்குற பட்டனுக்குப் பக்கத்துல இருக்கு. போகல. ஏன்னு கேட்டா, இத்தனை படத்துல அவ தன்னோட சேர்ல உட்கார்ந்திருக்குறது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் எவளோ வந்து உட்காரப் போற சீட்டு. இதுல லைட்டு பார்க்க யாரும் உட்கார வைக்கல. கேமராவை நேராப் பாக்குறா. பைத்தியக்காரத்தனந்தான், அவ உசுரு போற விஷயத்துல நான் சேரைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்கேன், அது எனக்கும் தெரியுது, தெரிஞ்சும் விரல் போகல. அப்பத்தான் வலது பக்கம் கிளிக் பண்ணினேன், வேற என்னதான் இருக்குன்னு. 'இடத்தைத் திருத்து'ன்னு ஒண்ணு இருந்துச்சு.

புள்ளியைப் பிடிச்சு இழுத்தா வருது. அந்த ஊரை விட்டு வெளியே வந்துருச்சு, சேலம் மேல வருது, கரூர் மேல வருது, பஸ்ல வர்ற மாதிரி வருது, திண்டுக்கல் தாண்டுறப்ப முன் ரூம்ல செருப்புச் சத்தம், விட்டுட்டேன். 'இடம் சேமிக்கப்பட்டது: வைகை அணை.' தண்ணிக்கு நட்ட நடுவுல எங்க அக்கா. சிரிப்பு வருது. திரும்பப் பிடிச்சேன். தேனி, வீரபாண்டி, சின்னமனூர், எங்க தெரு, எங்க கடை. விட்டேன். ஏற்கெனவே அங்க குவிஞ்சு கிடந்த புள்ளிக்குள்ள போயி விழுந்துருச்சு, எது அக்கான்னு எனக்கே தெரியல. தேதியையும் அவ வீட்டுல இருந்த போன ஆடி மாசத்துக்கு மாத்தினேன். நெஞ்சுக்கு நேரா பாத்திரம் இருக்கு, தாலிக் கயிறு தெரியல. யாரு கேட்டாலும் போன ஆடியில இதே வீட்டுல பால் காய்ச்சினா. பச்சைச் சுவரு நம்ம வீட்டுல ஏதுடான்னு கேட்டா? கேட்டா மாட்டினேன்.

சித்தப்பா தோளுக்குப் பின்னாடி குனிஞ்சாரு, பாக்கு வாசனை. "இம்புட்டுத்தானா?" "இம்புட்டுத்தான் சித்தப்பா." விரலைக் கொண்டுபோயி மேப்பு மேல வச்சாரு, கம்பத்துல இருந்து மெதுவா மேல ஏத்தினாரு, திண்டுக்கல், கரூர், அதுக்கும் மேல, வெறுமையா இருக்குற இடத்துல விரலை நிறுத்தினாரு, அந்த ஊருக்கு ஒரு நகம் பக்கத்துல. "இங்கிட்டெல்லாம் ஒண்ணுமே இல்லையா?" "நாம அங்கிட்டு மேடை போட்டதே இல்லையே சித்தப்பா." ஸ்கிரீனை விட்டுட்டு என்னைப் பார்த்தாரு. நான் டீயை எடுத்துக் குடிச்சேன், சூடு, நாக்கு வெந்துருச்சு, முழுங்கிட்டேன். "இல்ல. போட்டதில்ல"ன்னாரு. அவரு குரல்ல ஏதோ இறங்கின மாதிரி இருந்துச்சு, ஏமாந்ததா, நிம்மதியா, அதுவும் எனக்குப் பிடிபடல. "சரி, இதையே வாங்கிரு, நல்லாத்தான் இருக்கு. அந்த மூஞ்சியைக் காட்டு." காட்டினேன். ஸ்கிரீன் பூரா அவ. கடைசி வரிசை தெரியாத மாதிரி மேல நிறுத்தி வச்சேன். அவரும் ரொம்ப நேரம் பார்க்கல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "மொத்தமாத் தட்டித் தூக்கு." "அப்பா மேடையெல்லாம் போயிரும் சித்தப்பா. எல்லாத்துலயும் உட்கார்ந்திருக்கு." "போனா என்ன, உனக்குச் சேலை கட்டி உக்கார வச்சுப் புதுசா எடுக்குறேன்." அவரே சிரிச்சுக்கிட்டாரு, பாதியில நிறுத்திட்டாரு. "அழிடா. டீக்கடைக்குப் போயிட்டு வர்றேன், வர்றப்ப ஒண்ணுகூட இருக்கக் கூடாது." "சரி சித்தப்பா." பைக்கை உதைச்சாரு, போயிட்டாரு. எல்லாத்தையும் தேர்ந்தெடுத்தேன், அழின்னு தட்டினேன், நீலம் உடனே அழிக்கல, அதுக்கே சந்தேகம் வந்துருச்சு, 'யோகலட்சுமி இருக்கும் எல்லாப் படங்களையும் நிரந்தரமாக அழிக்க விரும்புகிறீர்களா?'ன்னு ஒரு பெட்டி. ஆம். வேண்டாம். பின்பக்கம் அப்பா தெர்மாகோல் வெட்டுற சத்தம், கறக் கறக்னு, நின்னு நின்னு வருது. பார்த்துட்டு அழிச்சிருடான்னு அக்கா சொன்னா, சரின்னேன். அழிடான்னு சித்தப்பா சொன்னாரு, சரின்னேன். ஆம்னு ஒரு தட்டுத் தட்டினா ரெண்டு பேரு சொன்னதும் முடிஞ்சிரும். தெருமுனையில பைக் திரும்பி வர்ற சத்தம் கேக்குது, அவரு பைக்தான், சைலன்சர் ஓட்டை. மவுசை விட்டுட்டேன். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அழுத்தி உட்கார்ந்துக்கிட்டேன்.